இறங்கி நின்றவர்கள்

ஜாக்கி வைக்க வேண்டுமென்றால்
எல்லாரும் இறங்கத்தான் வேண்டும்.
அதனால்தான் எனக்குத் தெரியும்,
பதினான்கு பேர்.

பெத்தவலசை சந்தை, வியாழக்கிழமை.
மலை ஏறுகிற ஜீப், பின்பக்க இடது டயர்.
ஓட்டுகிற அப்பலநரசய்யா
"அரவண்ணா, சீக்கிரம்" என்றான்.
பதினொரு வருஷமாய் இங்கே என் பெயர் அதுதான்,
ஒரு மொழியைக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

டியூபை உருவித் தொட்டியில் அமுக்கினேன்.
காற்று எங்கே போகிறதென்று
தண்ணீர்தான் சொல்லும்.
இரண்டு இடத்தில் குமிழி.
ஒன்று ஆணி. மற்றது
போன மாதம் நானே போட்ட ஒட்டு.
அதைச் சொல்லவில்லை.
ஆணிக்கு மட்டும் காசு வாங்கினேன்.

இருபத்தைந்து நிமிடம்.

பாங்கி லச்சி கோழிக்குக் கால்கட்டை அவிழ்த்து
என் தொட்டியிலேயே தண்ணீர் காட்டினாள்.
சுகாதார மையத்து மரியகுமாரி
தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
நிழல் நகர நகர நகர்ந்துகொண்டிருந்தாள்.
ஒரு புருஷனும் பெண்டாட்டியும்
உப்பு மூட்டைக்காகச் சண்டை;
இதைத் தின்று தீர்க்க இன்னொரு பிறவி வேண்டும் என்றான் அவன்,
அவள் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.
ஒரு பையன் காற்றுக் குழாயிடம் வந்து
வாயைத் திறந்து குடித்துப் பார்த்தான்.
விரட்டினேன்.

நாலரைக்குப் போலீஸ் வண்டி மேலே போகும் வழக்கம்.
அன்று போகவில்லை.
அதிகாரி வீட்டில் காதுகுத்து என்று பிறகு சொன்னார்கள்.
நாலரைக்கு ஜீப் போனது.
செம்மண் தூசிக்குள்
எல்லா ஜீப்பும் ஒரே நிறம்.

சத்தம் கேட்டதும் நான் நினைத்தது இது:
எவனோ லாரி டயரில் காற்றை அதிகம் ஏற்றிவிட்டான்.
தொழில் அப்படி.
தொட்டித் தண்ணீர் மட்டும்
கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பேப்பரில் ஒன்பது.
அதற்கு மறுநாள் பதினொன்று.
தாசில்தார் என் பெஞ்சில் உட்கார்ந்து
டிக்கெட் கிழிக்காத வண்டி, எதை நம்புவது என்றார்.
பதினோரு பேருக்கு ஆள் வந்து அழுதாகிவிட்டது,
பதினோரு பேருக்குப் பணம்.

ஒரு வாரம் கழித்துக் காட்டிலிருந்து தாள் வந்தது,
மின்கம்பத்தில், சிவப்பு மையில்.
குறி தவறிவிட்டது, மக்களிடம் வருந்துகிறோம்,
மாண்ட பதினோரு பேருக்கு அஞ்சலி.
இத்தனை வருஷத்தில்
அந்த ஒரு கணக்கில்தான்
இரண்டு பக்கமும் ஒத்துப்போனது.

ஏன் வண்டியை நிறுத்திவைத்தாய்
என்று பகலில் கேட்டார்கள்.
யாருக்குச் சொல்லிவிட்டாய்
என்று இரவில் வந்து கேட்டார்கள்.
இருவருக்கும் ஒரே பதில்தான் இருந்தது:
ஒட்டு காய நேரமாகும்.

விட்டுப்போன மூன்று பேரை எனக்குத் தெரியும்.
அவன், அவள், காற்று குடித்த பையன்.
மலைக்கு அந்தப் பக்கம் ஒரிசாவாக இருக்கும்,
பேச்சு அப்படித்தான் இருந்தது.
தேடி வர யாருமில்லையோ,
எங்கே தேடுவதென்று தெரியவில்லையோ.
பையன் அவர்களுடையவனா என்றுகூட
நான் கேட்கவில்லை.

இப்போது வருகிற ஜீப்புகளில்
உட்கார்ந்தபடியே இருக்கிறோமே அண்ணா என்கிறார்கள்.
சின்ன வேலையென்றாலும் இறக்கிவிடுகிறேன்.
பெயர் கேட்கிறேன்.
சிலர் சிரிக்கிறார்கள்,
சிலர் பயந்து வேறு பெயர் சொல்கிறார்கள்.
அதையும் சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொள்கிறேன்.

மழைக்கு முன்னால் ஒருநாள்
பதினேழாம் எண் சிறுபாலம்வரை நடந்து போனேன்.
குழியை ஜல்லி போட்டு மூடியிருந்தார்கள்.
சரிவில் நாலைந்து ஆடுகள்,
பக்கத்தில் அவ்வளவு பச்சை இருக்க
வெறும் மண்ணை நக்கிக்கொண்டிருந்தன.

தாசில்தாரிடம் போய்ச் சொன்னேன்.
ஆடு நக்குகிறது ஐயா, அங்கே உப்பு இருக்கிறது,
மூட்டை இருந்தது, மூட்டையின் மேல் அவள் இருந்தாள்.

பேனாவை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.